‘மருமக சோறு போடல!’ - மறதி நோயும் நம்ம வீட்டுப் பெரியவங்களும்

(கூட்டமைப்பின் செப்டம்பர் மாதப் பொதுக்கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்தால் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் நிலுவை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு அந்த நோட்டையெல்லாம் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். குழுக்களைப் பார்வையிடப் போகும்போது இந்தப் பதிவேட்டைத்தான் நாங்கள் முதலில் புரட்டுவோம். ஒரே பெயருக்கு நேராக மூன்று வாரம், நான்கு வாரம் ‘வரவில்லை’ என்று இருக்கும். பக்கத்திலேயே அபராதம் எழுதியிருக்கும். “ஏம்மா, இவங்க ஏன் வரல?” என்று கேட்டால் ஊக்குநர் சொல்வார்: “அவங்க மாமியாருக்கு மூளை ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. வீட்ட விட்டு நகர முடியல.”

இந்தப் பதிலை நாங்கள் ஒரு குழுவில் மட்டும் கேட்கவில்லை. சில வீட்டில் மாமியார், சில வீட்டில் மாமனார், சில வீட்டில் பெற்ற தாய். ஆனால் பார்த்துக்கொள்கிற ஆள் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே ஆள்தான், நம்ம குழு உறுப்பினர். செப்டம்பர் 21-ஆம் தேதியை உலக அல்சைமர் நாளாக 1994-ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வருகிறார்கள். அந்த மாதத்துக் கூட்டத்திலேயே இதைப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தோம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். சாவியை வைத்த இடம் மறந்து போவது, பெயர் சட்டென்று வாயில் வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்பது எல்லாம் நம் எல்லாருக்கும் உண்டு. இது நோய் கிடையாது. நாம் சொல்ல வருவது வேறு. நாற்பது வருடமாகப் பணியாரம் சுட்டு விற்ற ஒரு அம்மா, மாவைக் கரைத்து வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் குழிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். மாதாமாதம் போய்வந்த ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் முச்சந்தியில் உட்கார்ந்துவிடுகிறார். நூறு ரூபாய்த் தாளுக்கும் ஐநூறு ரூபாய்த் தாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, “சோறு போட மாட்டியா?” என்கிறார். அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குப் புத்தி குறைந்துகொண்டே போனால் அதை டிமென்ஷியா என்கிறார்கள் டாக்டர்கள். நாம் மறதி நோய் என்று சொல்லிக்கொள்வோம். மறதி மட்டும் இல்லை. பேச்சு, நடை, குணம், நேரம் காலம் தெரிவது எல்லாமே இதில் மாறும். அல்சைமர் என்பது இந்த மறதி நோயிலேயே அதிகம் பேருக்கு வரும் ஒரு வகை.

அல்சைமர் என்பது ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர். ஐம்பது வயதைத் தாண்டியிருந்த ஒரு பெண்ணை 1901-இல் அவர் மருத்துவமனையில் பார்த்தார். அந்தப் பெண் 1906-இல் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, அது சுருங்கி உள்ளே மாற்றம் ஏற்பட்டிருந்ததைக் கண்டார். அதாவது, இது கண்ணால் பார்க்கக்கூடிய உடம்பு நோய். செய்வினை, பேய், போன பிறவிப் பாவம், மருமகள் ராசி எதுவும் காரணம் இல்லை. நம் நாட்டைப் பற்றி 2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது, மொத்தம் சுமார் 88 லட்சம் பேர் என்று சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. பட்டணத்துப் பணக்கார வியாதி என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

இதை நம்ம நோட்டுக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். குழுவில் தினசரி வரவு செலவை எழுதுகிற பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். இன்றைக்கு நடந்தது எதுவும் பதிவாகாது. பத்து வருடத்துக்கு முந்திய நோட்டு மட்டும் பெட்டிக்குள்ளே பத்திரமாக இருக்கும். அதனால்தான் காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்த அப்பத்தா, தன் கல்யாணத்துக்கு எத்தனை மாட்டு வண்டி வந்தது என்று சரியாகச் சொல்கிறார். இதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் ஏமாந்து போகிறோம். “அம்பது வருஷக் கதை ஞாபகம் இருக்கு, அரை மணி நேரத்துக்கு முன்னால தின்னது மட்டும் மறந்துருமா? எல்லாம் நடிப்பு” என்கிறோம். நடிப்பு இல்லீங்க. பேனாவில் மை இல்லை, அவ்வளவுதான். போகப் போக பழைய நோட்டும் செல்லரிக்க ஆரம்பிக்கும்.

இப்போது எல்லா வீட்டிலும் வருகிற, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பிரச்சினைக்கு வருவோம். நம்ம குழு ஒன்றில் உள்ள ஒரு சகோதரியின் மாமியாருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒருநாள் அந்தப் பெரியம்மாவின் சுருக்குப் பையைக் காணவில்லை. “என் காச மருமக எடுத்துட்டா” என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தம். தெருவில் போகிறவர்கள் எல்லாரிடமும், “மூணு நாளா எனக்குச் சோறு போடல” என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டும் இருக்கிறார். அன்று சாயந்தரமே பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து, “எங்க அம்மாவைப் பட்டினி போட்டுக் கொல்லுறியா?” என்று சண்டை. சுருக்குப் பை மறுநாள் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. பெரியம்மாதான் பத்திரப்படுத்துகிறேன் என்று வைத்திருக்கிறார். பை கிடைத்தது, மருமகள் பேர் கெட்டது கெட்டதுதான். அந்தச் சகோதரி எங்களிடம், “நான் அவங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளுறேன். அது கஷ்டமா இல்ல. இந்தப் பேச்சுதான் தாங்க முடியல” என்றார்.

சகோதரிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் பெரியம்மா பொய் சொல்லவில்லை. மருமகளும் திருடவில்லை. பையை வைத்தது மூளையில் பதியவே இல்லை. வைத்த இடத்தில் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பது யார்? மருமகள். அவருடைய மூளைக்கு எட்டிய கணக்கு அதுதான். சாப்பாடும் அப்படித்தான். சாப்பிட்டது பதிவாகவில்லை, பசித்த ஞாபகம் மட்டும் இருக்கிறது. இந்த நோயில் இப்படிச் சந்தேகப்படுவதும் பழி சொல்வதும் சாதாரணம். எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நம்ம ஊரில் மாமியார்–மருமகள் சண்டை என்று ஏற்கெனவே ஒரு கதை தயாராக இருக்கிறது. நோய் பேசுகிற பேச்சு நேராக அந்தக் கதைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊரும் நம்பிவிடுகிறது. அதனால் இந்தக் கூட்டத்தில் உள்ளவர்களிடம் எங்கள் முதல் வேண்டுகோள்: மறதி நோய் உள்ள ஒரு பெரியவர் உங்களிடம் வந்து “சோறு போடல” என்றால், உடனே அதைத் தெருவுக்குச் சொல்லாதீர்கள். அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். உண்மையிலேயே பட்டினி போடுகிற வீடும் இருக்கலாம், அதையும் நாம் பார்க்க வேண்டும். உடம்பு மெலிந்திருக்கிறதா, துணி சுத்தமாக இருக்கிறதா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, வீட்டில் இருப்பவர் என்ன செய்வது? ஒன்றே ஒன்றை மட்டும் பழகிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். வாதம் செய்யாதீர்கள். “இப்பத்தானே சாப்பிட்டீங்க, தட்டுகூடக் காயல” என்று நிரூபிக்கப் போனால், அவருக்கு நீங்கள் பொய் சொல்வது போலத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, “அடுப்புல கொதிக்குது அத்தை, அதுக்குள்ள இந்த வாழைப்பழத்தச் சாப்பிடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். மதியச் சோற்றையே இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். “காசைக் காணோம்” என்றால், “அப்படியா, வாங்க சேர்ந்து தேடுவோம்” என்று நீங்களும் தேடுங்கள். அவர் ஒளித்து வைக்கும் இடங்கள் நாலைந்துதான் இருக்கும். அரிசிப் பானை, தலையணை உறை, பழைய டிரங்குப் பெட்டி என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அதே மாதிரி இன்னொரு சுருக்குப் பை தைத்து, பத்து ரூபாய்த் தாள் நாலு போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை என்று எங்களுக்குப் பட்டது.

இன்னொன்று, “வீட்டுக்குப் போறேன்.” தன் சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே, “எங்க ஊருக்குப் போகணும், எங்க ஆத்தா தேடும்” என்பார்கள். ஆத்தா செத்து முப்பது வருடம் ஆகியிருக்கும். “உங்க ஆத்தா எப்பவோ செத்துப்போச்சு” என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது புதுச் சாவு. அப்போதுதான் கேள்விப்படுவது போல அழுவார். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்பார், மறுபடி சாவு. என்ன சொன்னீர்கள் என்பது மறந்து போகும், அந்தத் துக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிடும். “உங்க ஆத்தா எப்படி இருப்பாங்க? என்ன கொழம்பு வைப்பாங்க?” என்று கேளுங்கள். பழைய நோட்டைத் திறந்துவிடுங்கள். பேசிக்கொண்டே இருப்பார், போக வேண்டும் என்பதை விட்டுவிடுவார். எல்லா நாளும் பலிக்காது. பலிக்காத அன்றைக்குத் தெருமுனை வரை கையைப் பிடித்து நடந்து திரும்பி வாருங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும். நிழல் விழுந்தால் ஆள் நிற்பது போலத் தெரியும். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள், அந்த நேரத்தில் வீட்டில் டி.வி. சத்தம் வேண்டாம். பகலில் முற்றத்தில் வெயில் பட உட்கார வையுங்கள், ஏதாவது வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூக் கட்டுவது, துணி மடிப்பது, மொச்சை உரிப்பது. தப்பாகச் செய்தாலும் பரவாயில்லை. கை அறிந்த வேலை மனதை அமைதிப்படுத்தும். சும்மா உட்கார வைத்தால்தான் எழுந்து நடப்பார்கள்.

குளிப்பாட்டுவதுதான் பெரிய போராட்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், யாரென்றே தெரியாத ஒருத்தி வந்து நம் சேலையை உருவித் தலையில் தண்ணீர் ஊற்றினால் நாம் அடிக்க மாட்டோமா? ஒரு துண்டைப் போர்த்தியபடியே, முதலில் காலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, “இப்ப கைக்கு ஊத்தப் போறேன்” என்று சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். தினமும் தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டாலும் போதும். ரவிக்கைக் கொக்கி மாட்டத் தெரியவில்லை என்றால், முன்னால் திறக்கிற தளர்வான நைட்டி போடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. சமைத்து முடித்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பூச்சிமருந்து டப்பா, மண்ணெண்ணெய் கேன், அரிவாள்மனை எல்லாம் கண்ணில் படக்கூடாது. கிணற்றுக்கு மூடி வேண்டும். வெளியே போய்விடுகிறவர் என்றால், பெயர், ஊர், வீட்டுக் கைபேசி எண் எழுதிய சின்னத் துணியைச் சேலை முந்தியின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். டீக்கடை, பஸ் நிறுத்தம், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நமக்குத்தான் ஆபத்து. ஒரு சின்ன போட்டோ எப்போதும் கையில் இருக்கட்டும். காணாமல் போனால் தேடிப் பார்ப்போம் என்று நேரம் கடத்தாமல் உடனே காவல் நிலையத்தில் சொல்லுங்கள். கட்டிப் போடுவது, அறையில் பூட்டி வைப்பது வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறோம். கொடுமைக்காகச் செய்வதில்லை, கூலி வேலைக்குப் போக வேண்டும், வேறு ஆள் இல்லை. அதற்கு வழியைக் கடைசியில் பேசுவோம்.

மருத்துவம் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மறதி கூடுகிறது என்றால் முதலில் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஏனென்றால் தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருப்பது, சில மாத்திரைகளின் விளைவு இவற்றாலும் இதே மாதிரி ஆகும், இவற்றைச் சரி செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் என்றைக்கு எங்கே வருவார் என்று சொல்வார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதால் பைத்தியம் என்று அர்த்தம் இல்லை. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எப்போதிருந்து, என்னென்ன மாற்றம் என்று பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அவசரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார், ஆள் தெரியவில்லை என்றால் அது மறதி நோய் முற்றியது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் கிருமி, காய்ச்சல், தண்ணீர் குடிக்காதது, உப்புச் சத்துக் குறைவு என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் வரவில்லை என்றால் 108-க்கு உடனே போன் செய்யுங்கள்.

அல்சைமரை அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும், டாக்டர் சொன்னால் கொடுங்கள். வல்லாரைக் கீரை சமைத்துப் போடுவதில் தப்பில்லை. ஆனால் லேகியம் தருகிறேன், மூன்று மாதத்தில் பழைய ஞாபகம் திரும்பும் என்று யாராவது பத்தாயிரம், இருபதாயிரம் கேட்டால், அதற்கு உள்கடன் கேட்டு மனு போடாதீர்கள். அதே போல, ராத்திரி தூங்கவில்லை என்று மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது வேறு துன்பம்.

நமக்கு வராமல் தடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். உலக ஆய்வாளர்கள் குழு ஒன்று 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 14 காரணங்களைக் கவனித்தால் மறதி நோயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப் போடவோ வாய்ப்பு இருக்கிறது என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை, சிறு வயதில் படிப்பு இல்லாதது எல்லாம் அதில் வருகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர்களில் நம்ம குழுப் பெண்கள் நிறைய. அவர்கள் கொடுத்த மாத்திரையை டப்பாவில் சேர்த்து வைக்காமல் சாப்பிடுங்கள். கண்புரையை ‘பழுக்கட்டும்’ என்று தள்ளிப் போடாதீர்கள். பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்தாதீர்கள், அறுபது வருடம் கழித்து அவளுக்கு அது உதவும்.

இப்போது ஒரு சினிமா. 2015-இல் வந்த ‘ஓ காதல் கண்மணி’ படத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதில் பவானி ஆன்ட்டிக்கு அல்சைமர். பார்த்துக்கொள்பவர் யார்? கணவர் கணபதியாக வருகிற பிரகாஷ் ராஜ். படம் பார்த்து நாம் அழுதோம். நம்ம ஊரில் எத்தனை கணபதி இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் அழுகை வேறு மாதிரி வரும். இங்கே மகன் வெளியே வேலைக்குப் போய்விடுவார், மகள் பண்டிகைக்கு வந்து அழுதுவிட்டுப் போவார், பார்ப்பது மருமகள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. ‘பிள்ளைகள்’ என்று அந்தச் சட்டம் சொல்வது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை. மருமகள் என்ற சொல் அந்த விளக்கத்தில் இல்லை. மருமகள் பார்க்கக் கூடாது என்று இதைச் சொல்லவில்லை. ‘இது உன் வேலை’ என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் கையைக் கழுவ முடியாது என்பதற்காகச் சொல்கிறோம். மகன் ராத்திரி ஒரு முறை எழுந்து கழிப்பறைக்குக் கூட்டிப் போகட்டும். மகள் மாதம் ஒரு வாரம் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். இடம் மாறினால் பெரியவர் குழம்புவார் என்றால், மகள் இங்கே வந்து தங்கட்டும்.

பார்த்துக்கொள்கிறவர் பற்றியும் பேச வேண்டும். தூக்கம் இல்லை, வருமானம் போச்சு, பழிச்சொல் வேறு. ஒருநாள் கை ஓங்கிவிடுகிறது, அல்லது “சீக்கிரம் போய்ச் சேர்ந்தா நல்லது” என்று மனதில் வந்துவிடுகிறது. பிறகு ராத்திரியெல்லாம் அழுகை. இப்படி நினைப்பு வருவதால் யாரும் கெட்டவர் ஆகிவிட மாட்டார். ஆனால் கை ஓங்கும் நிலை வந்தால் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். பத்து நிமிடம் நில்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வேண்டும். இந்த நோய் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் முடிவதில்லை. பல வருடம் போகும். தனி ஒரு ஆள் இழுக்கக்கூடிய தேர் இல்லை இது.

மறுபடி பதிவேட்டுக்கு வருகிறோம். வருகை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது நம் விதி, தரமதிப்பீட்டிலும் அதைப் பார்ப்பார்கள். அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினருக்கு அபராதம் போடுவது நியாயமா? கடைசியில் அவர் குழுவை விட்டே விலகுகிறார். சேமிப்பை எடுத்து ஒரே மாதத்தில் செலவழித்துவிடுகிறார், அடுத்த செலவுக்குக் கந்துவட்டிதான். எந்தக் காலத்தில் அவருக்குக் குழு மிகவும் தேவையோ, அந்தக் காலத்தில் நாமே வெளியே அனுப்புகிறோம். இரண்டு குழுக்களில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு குழு, கூட்டத்தையே அந்த வீட்டுத் திண்ணையில் நடத்துகிறது. பெரியம்மாவும் நடுவில் உட்கார்ந்து பணத்தை எண்ணிப் பார்க்கக் கேட்கிறாராம், பிரதிநிதி ஒரு சில்லறைக் கட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார். இன்னொரு குழுவில் வாரம் ஒரு உறுப்பினர் முறை வைத்து இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் சகோதரி கடைக்குப் போகிறார், தூங்குகிறார், ஒருநாள் கோயிலுக்குப் போய் வந்தாராம். கடனைச் சுழற்சி முறையில் கொடுக்கத் தெரிந்த நமக்கு இது ஒன்றும் புதிது இல்லை. ஆனால் போகிற ஆள் பழகின முகமாக இருக்க வேண்டும், வாரம் ஒரு புது ஆளை அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் போனால் போதும்.

கைரேகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம், இது நிறைய வீட்டில் வம்பாகிறது. மறதி நோய் உள்ளவரிடம் பத்திரத்திலோ, கடன் மனுவிலோ, வெற்றுத் தாளிலோ கைரேகை வாங்காதீர்கள். புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. நிலம், வீடு, உதவித்தொகை வங்கிக் கணக்கு இதெல்லாம் பற்றி, நோயின் ஆரம்பத்தில், அவர் தெளிவாகச் சொல்ல முடிகிறபோதே, எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். குழுவிலும், அப்படிப்பட்ட பெரியவர் பெயரில் ஜாமீன் எழுத வேண்டாம். பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், அந்த 2007-ஆம் வருடச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

போன் எண்கள் மூன்று, எழுதிக்கொள்ளுங்கள். முதியோர் உதவிக்கு 14567. மனநல ஆலோசனைக்கு, ராத்திரியிலும் பேசலாம், 14416. உடல்நல ஆலோசனைக்கு 104. பார்த்துக்கொள்கிறவரும் 14416-இல் தன் மனக் கஷ்டத்தைச் சொல்லலாம்.

செயற்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, இப்படிப்பட்ட உறுப்பினர்களின் விடுப்பை ‘பராமரிப்பு விடுப்பு’ என்று பதிவேட்டில் தனியாக எழுத வேண்டும், அபராதம் கூடாது, சேமிப்பை வீட்டுக்கே போய் வாங்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள் தன் உறுப்பினர் வீடுகளில் மறதி நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்து, முறை வைத்துப் போவதற்கு இரண்டு பேர் பெயரைத் தர வேண்டும். விசாரிக்கும்போது மெதுவாகக் கேளுங்கள், சபையில் வைத்துக் கேட்காதீர்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். செயலாளர் அக்கா, தீர்மானப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்து வாங்க.